பனிமலைக்கு ஒரு பை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ராஜபாட்டையில், பள்ளிகொண்டாவைக் கடந்து ஆம்பூரை எட்டுவதற்குள் மாதனூர் வந்து போய்விடும். ஆம்பூர் பிரியாணியை மனத்தில் நினைத்துக்கொண்டு மோட்டாரில் பறக்கிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. படாததனால் ஊருக்குக் குறைவு ஒன்றும் இல்லை. வடக்கே பாலாறு, வருஷத்தில் பெரும் பகுதி வெறும் மணலாகக் கிடந்து, எப்போதாவது ஒரு முறை தான் ஆறுதான் என்று மெய்ப்பித்துக் காட்டும். 2021 நவம்பரில் அப்படிக் காட்டியபோது கரையோரத்து ஜனங்கள் நடுங்கிவிட்டார்கள். தெற்கே ஒடுகத்தூருக்குப் போகும் சாலை. அந்தச் சாலையின் கோடியில், காலை வேளையில் நீலமாகவும் மாலையில் கறுப்பாகவும், ஜவ்வாது மலை படுத்திருக்கிறது.

இந்த ஊரில் பனி என்றால் மார்கழி விடியற்காலையில் தலைக்கு முண்டாசு கட்டிக்கொள்ளச் சொல்லுகிற பனிதான். அதற்கு மேற்பட்ட பனியை நாமும் கண்டதில்லை. நம்மிடம் பூகோளம் படித்த பிள்ளைகளும் கண்டதில்லை. வடதுருவத்தைப்பற்றி இருபது வருஷமாகப் பாடம் சொல்லிக் கொடுத்து வரும் தைரியம் உபாத்தியாயர்களுக்கு மட்டுமே வாய்க்கும். ஆகையால், சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பழைய மாணவி ஒருத்தி தன் தாயாரையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து, "ஸார், பனிமலையில் ஸ்கீ பழகப் போகிறேன். எந்தப் பை வாங்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேட்டபோது, நாம் சிறிது நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். தாயார் ஆம்பூரில் ஒரு ஷூ பாக்டரியில் இருபத்திரண்டு வருஷமாகத் தையல் மிஷினில் இருப்பவர். ஷூவின் மேல் பாகத்தை, அதாவது 'அப்பர்' என்று அவர்கள் சொல்லுகிறதை, துண்டு துண்டாகச் சேர்த்துத் தைப்பது அவர் வேலை. அந்தப் பாக்டரிகளில் தையல் மிஷினின்முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகளே. காலையில் மாதனூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக அவர்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால், இந்தப் பிரதேசத்துக் குடும்பங்களில் அடுப்பு எரிவது எதனால் என்பது விளங்கும்.

பெண் போக எண்ணியிருந்தது உத்தராகண்டத்தில், ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஔலி. அங்கே முதலில் சில நாள் பாடம். பிறகு ஒரு வழிகாட்டியுடன் கோர்சன் புக்யால் வரை போய்த் திரும்புவது. புக்யால் என்றால் அந்நாட்டார் மொழியில் மலைமேல் புல்வெளி. குளிர்காலத்தில் அதுவே வெண்பனி வெளியாகிவிடுகிறது.

ஸ்கீ விளையாட்டில் இரண்டு வகை உண்டு. கம்பிவட வண்டியில் சுகமாக மேலே போய்ச் சேர்ந்து, சறுக்கிக்கொண்டு கீழே வருவது ஒன்று. காஷ்மீரத்துக் குல்மார்க்கில் இந்தக் கம்பிவடம் ஏறக்குறைய 13,000 அடி உயரம் வரை கொண்டுபோய் விடுகிறது. மற்றொன்று 'ஸ்கீ டூரிங்' என்பது. இதில் வண்டியும் இல்லை, வடமும் இல்லை. ஏறுவதும் சொந்தக் காலால்தான், இறங்குவதும் சொந்தக் காலால்தான். துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆசிரியர் கோனன் டாயில் 1894-ல் ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸிலிருந்து அரோஸாவுக்கு ஒரு கணவாயைக் கடந்தது இந்த முறையில்தான்.

சறுக்குகிற மட்டையைக் கட்டிக்கொண்டு மேலே ஏறுவது எப்படி என்று நேயர்களுக்குச் சந்தேகம் எழலாம். நமக்கும் எழுந்தது. அதற்குக் கிடைத்த பதில், தோல் பதனிடும் நாட்டில் பிறந்த நமக்கு மிகவும் தித்தித்தது. மட்டையின் அடியில் ஒரு நீண்ட பட்டையை ஒட்டிக்கொள்ளுகிறார்கள். அதற்குப் பெயரே 'தோல்'. ஆதியில் அது மெய்யாகவே கடல்நாயின் தோலாக இருந்தது. அதன் ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால், மட்டையை முன்னே தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். பின்னே சரியப் பார்த்தால் ரோமம் சிலிர்த்துப் பனியைக் கவ்விக்கொள்ளும். பூனையின் முதுகைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். இந்நாளில் அங்கோரா ஆட்டின் ரோமத்தாலும் நைலானாலும் அதை நெய்கிறார்கள். தோல் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. உச்சியை அடைந்ததும் அந்தப் பட்டையை உரித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, குதிகாலைப் பூட்டி, கீழே சறுக்க வேண்டியது.

பையின் பாரம் இங்கேதான் பிரச்னையாகிறது. ரயிலடியில் கூலி ஆளிடம் கொடுக்கிற பெட்டி என்றால் ஒரு கிலோ ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஆனால் இந்தப் பையை நாள் முழுதும் முதுகில் வைத்துக்கொண்டு மூச்சுக் குறைந்த உயரத்தில் ஏற வேண்டும். அதே பையோடு சறுக்கியும் இறங்க வேண்டும். திரும்பும்போது பை ஒரு பக்கம் ஆடினால் ஆளும் அந்தப் பக்கமே விழுவார்.

பெண் விலைப் பட்டியலை எடுத்துக் காட்டினாள். வியப்பாயிருந்தது. பை லேசாக ஆக விலை ஏறிக்கொண்டே போகிறது. பொருள் குறையக் குறைய அதிகப் பணம் கேட்கும் வியாபாரம் உலகில் இது ஒன்றுதான் போலும். அவள் மனம் பற்றியிருந்த பையின் விலை, தாயாரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். தாயார் அதைப்பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டது, "ஸார், இந்தக் காகிதம் மாதிரி இருக்கிற துணி எம்பொண்ணு சாமானைத் தாங்குமா?" என்பது ஒன்றே.

நாம் உடனே நம் ஊர்ப் பெருமையை நிலைநாட்டப் புறப்பட்டோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல் கப்பலேறி உலகமெங்கும் போகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலம் முதல் குரோம் உப்பு போடும் இக்காலம் வரை, தலைமுறை தலைமுறையாக இங்கே கற்றுத் தேர்ந்த வித்தை அது. (அந்த வித்தைக்குப் பாலாறு கொடுத்த விலையை 1996-ல் ஸுப்ரீம் கோர்ட்டு தன் தீர்ப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஆற்றங்கரைக் கிணறுகளில் நீர் இறைக்கிறவர்களுக்கோ அதைத் தீர்ப்பைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.) அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒரு பெண் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு போவதா? நம்மிடம் இருபது வருஷமாக உழைத்து வரும் தோல் பை ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தோம். மேஜை கொஞ்சம் முனகிற்று.

மளிகைக் கடைத் தராசில் காலிப் பையை நிறுத்ததில் 2 கிலோ 300 கிராம் இருந்தது. கடைக்காரர், "உள்ளே என்ன ஸார், புளியா?" என்று கேட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. 2 மில்லிமீட்டர் தடித்த தோல் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ நிற்கும். பைகளுக்குப் பயன்படும் மெல்லிய நைலான் அதே பரப்புக்கு 150 கிராம் இருந்தாலே அதிகம். அதோடு தோல் ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரம் குளிரில் உறைந்தால் பலகையாக விறைத்துக்கொள்ளும். நார்வே தேசத்து ஓலே பெர்கன் என்பவர் 1909-ல் முதுகின் வளைவுக்கு ஏற்றாற்போல் ஒரு சட்டத்தைப் பையோடு பிணைத்துப் புதுமை செய்த காலத்தில் பை என்றால் கான்வாஸும் தோல் வாரும்தான். 1930-களில் அமெரிக்காவில் நைலான் பிறந்தது. அது வந்த பிறகு மலையேறுகிறவர்களின் முதுகிலிருந்து தோல் மெள்ள மெள்ள இறங்கிவிட்டது. இதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. "நடந்து பார்த்துத் தீர்மானிப்போம்" என்றோம். வயது நாற்பத்தைந்தைக் கடந்தவர்கள் இம்மாதிரி வார்த்தைகளை யோசித்துப் பேசுவது நல்லது.

பத்து நாள் கழித்துப் பார்ஸலில் இரண்டு பைகள் வந்து சேர்ந்தன. பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. ஒன்று பந்தயக்காரர்களுக்கென்று செய்தது: 22 லிட்டர், எடை 400 கிராம். மற்றொன்று 35 லிட்டர், எடை 1 கிலோ 50 கிராம். (பாலைப்போலப் பையையும் லிட்டரில் அளக்கிறார்கள்.) பகலில் போய் மாலையில் திரும்பும் பயணத்துக்கு 25 முதல் 35 லிட்டர் போதும், மலைமேல் இரவு தங்குவதானால் 40-ஐ ஒட்டி வேண்டும். இதற்கு மேல் பெரிய பை எடுத்தால், பை நிறைகிற வரையில் ஸாமானும் தானே பெருகிவிடும். கல்யாண வீட்டுக்குப் பெட்டி கட்டியவர்கள் அறியாத தத்துவம் அல்ல.

தாயார் இரண்டு பைகளையும் மடியில் போட்டுக்கொண்டு வாசல் திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். வர்ணத்தையோ கம்பெனி முத்திரையையோ அவர் பார்க்கவில்லை. பையை உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டினார். தோள் வார் பையோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் நெருடினார். அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணினார்.

"தையல் நெருக்கமா இருக்கிறதே, நல்லதுதானே?" என்றோம்.

"இல்லை ஸார். மெல்லிசுத் துணியிலே இவ்வளவு நெருக்கிக் குத்தினா தபால்தலை ஓட்டை மாதிரி ஆயிடும். இழுத்தா கோடு பிடிச்சாப்பலே கிழியும். தோலுக்கும் அப்படித்தான். பாரம் தாங்குற இடத்திலே குறுக்கே ஒரு பூட்டுத் தையல் போடணும், அடியிலே ஒரு துண்டு வெச்சு. இதிலே வெச்சிருக்கான்" என்று பெரிய பையைக் காட்டினார். சின்னப் பையைத் தள்ளிவைத்து, "இதிலே இல்லை. இது நிக்காது" என்றார்.

பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அவள் ஆசைப்பட்டது அந்தச் சின்னப் பையைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மாதனூரில் பஸ் ஏறினோம்: பெண், தம்பி, தாயார், நாம். ஒவ்வொரு பையிலும் ஏழு கிலோ நிறை. மலையில் எடுத்துச் செல்லும் ஸாமான்கள் கைவசம் இல்லாததால், பாலாற்று மணலைச் சிறு சிறு பைகளில் கட்டி அளவாக்கினோம். (இந்த நாலு படி மணலை அள்ளியதற்காக நம்மை ஒருவரும் பிடிக்கவில்லை, லாரி லாரியாக அள்ளுகிறவர்களுக்கே பயம் இல்லாத ஆறு அது.) ஸ்கீ மட்டைகளுக்குப் பதில் இரண்டு இரண்டு சவுக்குக் கழிகள், ஜோடி மூன்று கிலோ. கண்டக்டர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, "பந்தல் வேலையா ஸார்? கழிக்கு லக்கேஜ் எடுக்கணும்" என்றார். எடுத்தோம்.

ஒடுகத்தூரில் இறங்கிப் பீஞ்சமந்தைக்குப் போகும் மலைச் சாலையில் நடக்கத் தொடங்கினோம். ஜவ்வாது மலை பெரிய மலை அல்ல. சிகரங்கள் மூவாயிரத்து ஐந்நூறு அடியைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் அடிவாரத்திலிருந்து ஏறுகிற கால்களுக்கு அது மலைதான். இருபுறமும் காய்ந்த காடு. எங்கேயோ ஒரு புள்ளின் குரல். மலைமேல் மலையாளிகள் என்ற பழங்குடி மக்கள் வசிக்கிறார்கள். பெயரைக் கேட்டு மலையாள தேசத்தவர் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்லுகிறார்கள். சாமை விதைத்து, தேனும் கடுக்காயும் புளியும் சேகரித்துக் கீழே கொண்டுவந்து விற்பவர்கள் அவர்கள். அண்மைக் காலம் வரை இம்மலையூர்கள் பலவற்றில் நோய் கண்டவர்களை டோலி கட்டித்தான் கீழே தூக்கி வந்தார்கள். 2023-ல் கூட, பாம்பு கடித்து இறந்த தன் குழந்தையை, ஆம்புலன்ஸ் மேலே போக வழியில்லாததால், ஒரு தாய் கையில் ஏந்திக்கொண்டு மலைப் பாதையில் நடந்தாள். அச்செய்தியைப் பத்திரிகையில் நாம் படித்த அன்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதாக நினைவு இல்லை.

முதல் மைலில் நம் தோல் பை கண்ணியமாகவே நடந்துகொண்டது. இரண்டாவது மைலில் வலத் தோளில் ஒரு கோடு எரியத் தொடங்கிற்று. அந்தப் பையில் இடுப்பு வார் இல்லை. பாரம் முழுதும் தோளிலேயே தொங்கியது. தொங்கியது மட்டுமின்றி முதுகைவிட்டு விலகிப் பின்னால் இழுத்தது. அதைச் சரிக்கட்ட நாம் முன்னால் குனிந்து, வணக்கம் சொல்லிக்கொண்டே மலை ஏறுகிறவர் போல் ஆனோம். தம்பி சுமந்த பெரிய பையிலோ உள்ளே மெல்லிய தகடு ஒன்று முதுகோடு படிந்திருந்தது. அகன்ற இடுப்பு வார் பாரத்தை இடுப்பெலும்பின்மேல் இறக்கியது. அவன் பாட்டுப் பாடிக்கொண்டு போனான். 

பையின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்ததல்ல என்பதையும் அன்று கண்டுகொண்டோம். கழுத்தைக் குனிந்தால் பின்னால் புடைக்கிற எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மட்டம் வரை உள்ள நீளமே கணக்கு. தாயார் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நடுச்சாலையில் எல்லாருக்கும் அளந்தார். நம்மைவிட ஒரு சாண் குட்டையான அந்தப் பெண்ணுக்கும் நமக்கும் முதுகு ஏறக்குறைய ஒரே நீளம்! நம்முடைய உயரமெல்லாம் கால்தான் என்று தெரிந்தது.

பாதி வழியில் தலையில் புளி மூட்டையுடன் ஒரு மலையாளிப் பெண்மணி எதிரே இறங்கி வந்தார். நிமிர்ந்த முதுகு, தலையில் சும்மாடு, கை வீசிய நடை. எங்களைப் பார்த்து நின்று, மூட்டையைப் பாறைமேல் சாய்த்துவிட்டு, பெண்ணின் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு சுமைக்கா இத்தனை வாரு?" என்று சிரித்தார். பிறகு பையைச் சுற்றிப் பார்த்து, "கனத்த சாமானை வெளியே தொங்கவிட்டிருக்கியே, முதுகோட ஒட்டிக் கட்டு" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனார். ஸ்கீப் பைகளைப்பற்றி எழுதுகிற மேனாட்டுப் புத்தகங்களும் இதையேதான் சொல்லுகின்றன: கனமானது முதுகெலும்பை ஒட்டி, நடுவில், லேசானது அடியிலும் ஓரத்திலும். நாங்கள் மணல் பைகளை மாற்றிக் கட்டினோம். வித்தியாசம் உடனே தெரிந்தது.

கழிகளைக் கட்டுவதில்தான் அதிக நேரம் போயிற்று. மட்டை இரண்டையும் சேர்த்துக் குறுக்காகக் கட்டுவது ஒரு முறை. சீக்கிரம் முடியும், ஆனால் அடி நுனி பின்னங்காலில் இடிக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி மேல் நுனிகளைக் கோபுரம்போல் சேர்ப்பது மற்றொரு முறை. நிறை சமமாக நிற்கும், ஆனால் வேலை அதிகம், தாழ்ந்த கிளைகள் பிடித்துக்கொள்ளும். உறை போட்ட கையால் இந்த வார்களைப் பூட்டவும் அவிழ்க்கவும் முடிகிறதா என்று பார்க்க, தம்பி மோட்டார்ச் சைக்கிள் கையுறையைப் போட்டுக்கொண்டு பரீட்சித்தான். சின்னப் பையின் பூட்டுகள் பட்டாணி அளவு, அவனால் முடியவில்லை. எடையைக் குறைக்கிறவர்கள் பூட்டைக் குறைக்கிறார்கள், வாரைக் குறைக்கிறார்கள், இடுப்புப் பட்டையை நாடாவாக்குகிறார்கள்; கடைசியில் குறையாமல் நிற்பது சுமை ஒன்றே. மூன்று கிலோவைப் பையில் போட்டுக்கொண்டு நிமிஷக் கணக்கில் ஓடுகிற பந்தயக்காரருக்கு அது சரி. 2026 குளிர்கால ஒலிம்பிக்கில் சேர்ப்பதென்று 2021-ல் தீர்மானமான அந்த மலை ஸ்கீப் பந்தயத்துக்கு நம் பெண் போகவில்லையே!

மணி பதினொன்று இருக்கும். ஒரு வளைவில் பெண் கழிகளோடு பையை எடுத்துத் தோளில் வீசினாள். துணி கிழிகிற சத்தம் சின்னதாகக் கேட்டது. இடது வாரின் வேரில், தையல் கோட்டின்மேலேயே, நாலு விரற்கடை அளவுக்குப் பிளந்திருந்தது. அவள் தாயார் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் வந்து, கிழிந்த இடத்தை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, தம் முந்தானையிலிருந்த பின் ஒன்றைக் குத்திக் கொடுத்தார். அந்தப் பையைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று விற்றவர்கள் பின்னால் தகராறு செய்ததும், மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு பாதிப் பணம் வந்ததும் வேறு கதை.

இது நிற்க. பை தீர்மானமாகிவிட்டது. ஆனால் எடை தீரவில்லை. 400 கிராமுக்குப் பதில் 1 கிலோ 50 கிராம் என்றால் 650 கிராம் அதிகமாயிற்றே என்று அந்தப் பெண் மனம் ஒப்பவில்லை. வாடகைக்கு எடுத்த ஸாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்த அன்று, நம் வீட்டுக் கூடத்தில் அவற்றைப் பரப்பி ஒவ்வொன்றாக நிறுத்தாள். பனி தோண்டும் சிறு மண்வெட்டி நிறை சரியாக 650 கிராம். அவள் அதை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"அது என்னத்துக்கும்மா? அங்கே தோட்டமா போடப் போறே?" என்று தாயார் கேட்டார்.

பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். மலைச்சரிவில் பனி பாளமாகச் சரிந்து ஆளைப் புதைத்துவிடுவது உண்டு. அதற்காக ஒவ்வொருவரும் சட்டைக்கு உள்ளே, உடம்போடு, ஒரு சிறு ரேடியோக் கருவியைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதைப் பையில் போடக்கூடாது. புதைந்தவரின் கருவி அனுப்பும் ரேடியோ அலையை மற்றவர் கருவி பிடித்து இடம் காட்டும். மடக்கிய நீண்ட கம்பியை நீட்டிக் குத்திப் பார்த்து ஆழம் அறிய வேண்டும். பிறகு மண்வெட்டியால் தோண்டி எடுக்க வேண்டும். முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைப்பவர் அநேகர். அதற்குப் பிறகு மூச்சுத் திணறி மாள்பவர் வெகு வேகமாகப் பெருகுகிறார்கள். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் அப்படி ஒரு ரஷ்யர் மாண்டார். ஆகையால்தான் நல்ல ஸ்கீப் பைகளில் மண்வெட்டிக்கும் கம்பிக்கும் தனி அறை வைத்து, மற்ற ஸாமானைக் கலைக்காமல் ஒரே இழுப்பில் எடுக்கும்படி செய்கிறார்கள்.

"வழிகாட்டியிடம் மண்வெட்டி இருக்கும் அம்மா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நீ புதைஞ்சா யார் தோண்டுவாங்க?"

"கூட வருகிறவர்கள்."

"அவங்களும் உன்னை மாதிரியே, இன்னொருத்தர் கொண்டு வருவார்னு வீட்டிலே வெச்சிட்டு வந்தா?"

கூடத்தில் யாரும் பேசவில்லை. கடிகாரச் சத்தம் கேட்டது. நாம் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறோம். இப்படி ஒன்று கேட்டதில்லை.

அந்த அம்மாள் மண்வெட்டியைத் தாமே எடுத்து அதற்குரிய அறையில் வைத்தார். பிறகு மற்ற ஸாமான்களின் பக்கம் திரும்பி, தாம் ஆசையோடு முறுக்கும் பொருளுருண்டையும் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் தராசில் வைத்தார். டப்பா மட்டும் 420 கிராம். பட்சணத்தை ஒரு மெல்லிய பையில் கொட்டிக் கட்டிவிட்டு டப்பாவைச் சமையலறைக்கு அனுப்பினார். இரண்டாவது தண்ணீர்ப் புட்டி போயிற்று. கனத்த துவாலை போய் அதில் கால் பங்குத் துண்டு வந்தது. பாட்டி கொடுத்த தைலப் புட்டியில் பாதி, ஒரு சின்னக் குப்பிக்கு மாறிற்று. பாட்டிக்குச் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து நிறுத்தபோது மொத்தத்தில் 1 கிலோ 400 கிராம் குறைந்திருந்தது. செலவு ஒரு காசும் இல்லை. பையின் எடை பெரிதாகப்பட்ட எங்களுக்கு, பைக்குள் இருந்த எடை அதுவரை கண்ணில் படவே இல்லை.

காட்பாடியில் தில்லி வண்டியில் ஏற்றி அனுப்பினோம். வண்டி நகரும்போது அந்த அம்மாள் மகளுக்குக் கடைசியாகச் சொன்னது, "வாரைப் பிடிச்சுத் தூக்காதே, மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கு" என்பது.

பெண் மாசி மாதத்தில் முகம் கறுத்து, மூக்கு உரிந்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். அடிவாரத்தில் பனி போதாமல் முதல் பகுதியில் மட்டைகளைப் பையில் கட்டிக்கொண்டே ஏற நேர்ந்ததாம். மேலே போனதும் வானம் விட்டு, நந்தாதேவி எதிரே நின்றதாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நாம் அவ்வளவு நாளாக வகுப்பில் சொல்லி வந்த இமயமலையைப்பற்றி இனி அவளையே அழைத்துப் பேசச் சொல்லலாம் என்றிருக்கிறோம்.

தாயார் பையைத்தான் பார்த்தார். வார்களில் ஒரு தையல்கூட விடவில்லை. ஆனால் அடிப்புறத்தில் ஒரு மூலையில், மட்டையின் எஃகு விளிம்பு உராய்ந்து துணியை மெல்லியதாக வெட்டியிருந்தது. அவர் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். பல வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வெட்டுத் துண்டுகள். அதிலிருந்து உள்ளங்கை அளவில் ஓர் ஆட்டுத்தோல் துண்டைத் தேர்ந்து, ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, வெட்டின்மேல் வைத்துத் தைத்தார். தையலை இம்முறை தள்ளித் தள்ளிப் போட்டார். ஊசித் துளை வழியே ஈரம் புகாமலிருக்க மெழுகைத் தேய்த்தார்.

பெண் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, தெருக்கோடித் தட்டாரிடம் அப்படி இன்னொரு துண்டைக் கொண்டுபோய் நிறுத்து வந்தாள்.

"பதினாலு கிராம் ஏறிவிட்டது, அம்மா" என்றாள்.

"அந்தத் தைலக் குப்பியை எடுத்திடு" என்றார் தாயார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.